இருபதும் தப்பு

இருபது கேள்வி. இருபது பதிலும் தப்பு. காலை ஏழே முக்காலுக்கு மையத்தைத் திறந்து, முந்தின நாள் மாலைச் சோதனைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, வெயிலுமுத்துவின் பெயருக்கு நேரே ஒரு நீளச் சிவப்புக் கோடு வந்து நின்றது.

பத்து தப்பாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்கள் சோதனை ரொம்ப எளிது. கண்ணைக் கட்டிவிட்டு விரல் நுனியில் ஒரு உலோகக் குச்சியை வைப்போம். அது சூடா, சில்லா என்று சொல்ல வேண்டும். விரலில் உணர்ச்சியே இல்லாதவர்கூடக் குருட்டாம்போக்கில் சொன்னால் பாதி சரியாக வந்துவிடும். இருபதையும் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் இருபதும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் மாற்றிச் சொல்லுகிறவர் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி, சோதனை எடுத்துக் கையெழுத்துப் போட்ட நான்.

மேசைமேல் போன் அடித்தது. மதுரையிலிருந்து டாக்டர் சுகந்தன். சிவகாசியில் இருக்கும் எங்கள் மையம் அவருடைய நரம்பு ஆராய்ச்சியின் கிளை. இங்கே நான் பதிவு செய்வதெல்லாம் அடுத்த நிமிடம் அவருடைய திரையில் தெரிந்துவிடும்.

"ரெஜினா, பதினோராம் நம்பர் என்னாச்சு? போன தடவை வரைக்கும் இருபதுக்கு இருபது வாங்கிட்டிருந்தவர்."

"அதைத்தான் சார் பாத்துட்டிருக்கேன்."

"நாம வளர்த்த நரம்பு செத்துப்போச்சோ?"

"செத்திருந்தா பாதியாவது சரியா வந்திருக்கும் சார்."

அவர் சற்று யோசித்தார். "அது சரிதான். அப்ப வயர் மாறியிருக்கணும். சூட்டு நரம்பு போய்ச் சில்லு நரம்போட பாதையில ஒட்டிக்கிட்டா இப்படித்தான் தலைகீழா வரும். ஆனா அப்படி மாறியிருந்தா ஆறாவது மாசமே நீங்க எழுதியிருப்பீங்களே. உங்க ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே."

"இல்ல சார்."

"மாறலைதானே?"

உண்மையைச் சொல்லிவிட வாய்ப்பு கையில் வந்து விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை. "மாறலை சார்," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது. மணி ஏழு ஐம்பது.

"அப்ப எனக்குப் புரியலை. ரெண்டாவது டோஸ் ஸ்டெம் செல் ஊசியோட வேலையே, மாறின வயரைப் பிரிச்சுச் சரியான பாதையில சேக்குறதுதான். எல்லாருக்கும் போடுற மாதிரி அவருக்கும் அதைப் போட்டு மூணு வாரம் ஆச்சு. மாறாத நரம்பை அது ஏன் போய்த் தொடணும்? சரி, திங்கக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் பாப்போம்."

போனை வைத்துவிட்டார். அவருக்குப் புரியாதது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. மாறியிருந்த நரம்பை இரண்டாவது டோஸ் சரியாக்கிவிட்டது. வெயிலுமுத்துவின் கை முழுதாகக் குணமாகிவிட்டது. அவருக்கு அது தெரியாது. தெரியாமல், இந்த நேரம் அந்தக் கையை அவர் வெடிமருந்துக்குள் விட்டுக்கொண்டிருப்பார்.

வெயிலுமுத்து இருபத்திரண்டு வருஷமாகப் பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை பார்த்தவர். மருந்து என்றால் அந்த ஊரில் வெடிமருந்துதான். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற பட்டாசுக்கான கலவையில் ஈரம் ஏறிவிட்டால் அது உள்ளுக்குள்ளே தானாகச் சூடாகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சூடேறிய தட்டைத் தூக்கி அசைத்தால் முடிந்தது கதை, அசைக்காமல் விட்டாலும் சற்று நேரத்தில் தானாக வெடிக்கும். அதனால் பெண்கள் தட்டைத் தூக்குவதற்கு முன் ஒருவர் விரல்களை உள்ளே விட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு, தூக்கலாம்" என்று சொல்ல வேண்டும். சூடு காட்டும் கருவி ஒன்று மானேஜரின் டிராயரில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு. அது மேல்சூட்டைத்தான் காட்டும், உள்சூட்டைக் கைதான் சொல்லும் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

பஸ் விபத்து ஒன்றில் ஜன்னல் கண்ணாடி அவருடைய வலது மணிக்கட்டை அறுத்துவிட்டது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. இடது கையை வைத்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டேன்.

"பீச்சாங்கையை மருந்துல வைக்கவா?" என்றார். "சாமி கும்பிட்டு ஆரம்பிக்கிற வேலை டாக்டரம்மா."

ஒரு நாள் துணிந்து வைத்துப் பார்த்தாராம். அன்றைக்கு ஒரு பெண்ணும் தட்டைத் தூக்கவில்லை. தூக்கமாட்டேன் என்று முதலில் சொன்னது அதே அறையில் வேலை செய்யும் அவர் மனைவி பேச்சியம்மாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் ஆலை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

எங்களிடம் வந்தபோது, அவருடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து, நரம்புக்குத் துணை நிற்கும் செல்களாக ஆய்வகத்தில் வளர்த்து, ஒரு மெல்லிய குழாய்க்குள் நிரப்பி, அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தோம். அந்தக் குழாய் வழியே அவருடைய நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து விரல்வரைக்கும் போனது. ஆறாவது மாதம் ஐஸ் தண்ணீர் டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"சுடுது டாக்டரம்மா."

நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். அதைப் பத்து முறை சொல்லியிருப்பேன், அவர் காதில் வாங்கியதில்லை. வெந்நீர் டம்ளரைக் கொடுத்தேன்.

"இது சில்லுன்னு இருக்கு."

"வயரு மாறிப்போச்சு அண்ணாச்சி," என்றேன். "மோட்டாருக்கு ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்தா திருப்பிச் சுத்தும்ல, அது மாதிரி. எழுதி அனுப்புறேன். சரியாகுறதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"ஒரு வருஷமா?" அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதாதீங்க டாக்டரம்மா. எனக்குத் தெரியுதுல்ல? சுட்டா சில்லு, சில்லுன்னா சூடு. மாத்திச் சொல்லிட்டாப் போச்சு. இன்னொரு வருஷம் என்னால வாசல் கூட்ட முடியாது."

ஒரு மாதம் வீட்டில் இரண்டு செம்பு தண்ணீரை வைத்துக்கொண்டு பழகினார். அடுத்த சோதனையில் இருபதுக்கு இருபது சரி. அதற்கடுத்ததிலும் அப்படியே. "இப்பல்லாம் யோசிக்கிறதே இல்ல டாக்டரம்மா. தானா மாறி வாயில வந்துருது," என்றார். வேலைக்குத் தகுதியானவர் என்ற சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் பதில் சரியா என்றுதான் கேட்டிருந்தது, எப்படிச் சரியாக வந்தது என்று கேட்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் மையத்தின் முதல் முழு வெற்றி என்ற பெருமையும் உள்ளுக்குள் இருந்தது. அதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

எப்போது நரம்பு திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி நான்கைந்து நாளுக்குள் இருக்கலாம். நேற்றுச் சோதனை முடிந்ததும் அவர் வழக்கம்போல, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். நோயாளியிடம் விடையைச் சொல்லக்கூடாது என்பது விதி. நானும் மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரும் அவசரத்தில் கணக்குப் பார்க்காமல் எழுந்துவிட்டேன். முக்கியமான விதிகளை எல்லாம் மீறிவிட்டு, அந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய கைபேசிக்கு அடித்துப் பயனில்லை. பட்டாசு ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆலை அலுவலகத்துக்கு அடித்தேன். ஆறு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்கள்.

"போர்மேன் ராமசுப்பு பேசுறேன்."

"நரம்பு மையத்துலேருந்து ரெஜினா பேசுறேங்க. வெயிலுமுத்து அண்ணாச்சியைக் கொஞ்சம் வெளிய கூப்பிடணும்."

"எதுக்கு மேடம்?"

அவர் கை தப்பாகச் சொல்லும், யாரும் தட்டைத் தொட வேண்டாம். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அவர் வேலை போகும், என் வேலையும் போகும்.

"ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கணும்," என்றேன். "அவசரம்."

"கையெழுத்துத்தானே? மூணு நாள் மழையில மூடிக்கெடந்து இன்னைக்குத்தான் தொறந்திருக்கோம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. வெயில் ஏறுறதுக்குள்ள கலவையை முடிக்கணும் மேடம். பத்து மணிக்கு மேல வாங்க."

வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூன்று நாள் மழை என்பது உறைத்தது. மிச்சக் கலவையை மறுநாளுக்கு வைக்கக்கூடாது, வைத்தால் ஈரம் குடிக்கும் என்று வெயிலுமுத்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சீசன் நேரத்தில் வைக்காமல் இருப்பார்களா? மறுபடி அடித்தேன். லைன் பிஸியாக இருந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. மையத்தைப் பூட்டக்கூட இல்லை, ஸ்கூட்டரை எடுத்தேன்.

பதினான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. உண்மையைச் சொல்லாமல் அவரை மட்டும் வெளியே கொண்டுவருவது எப்படி என்றுதான் போகும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. அவருடைய பெரியப்பா மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லலாமா, அதிகாரி வருகிறார் என்று சொல்லலாமா என்று ஒவ்வொன்றாக ஒத்திகை பார்த்தேன். பொய் சொல்லிப் பழகிவிட்டால் அடுத்த பொய்தான் முதலில் தோன்றுகிறது.

வாசலில் காவல்காரர் செவத்தையா என்னை நிறுத்தினார். போன், வண்டிச் சாவி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். பிறகு என் துப்பட்டாவைப் பார்த்தார்.

"இது நைலானுல்ல? உள்ள விட மாட்டேன் தாயி. உரசுனா பொறி வரும்."

துப்பட்டாவைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு நகரப் பார்த்தேன்.

"தகட்டைத் தொட்டுட்டுப் போங்க."

வாசல் தூணில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறது. உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்குவதற்காக எல்லோரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொட்டேன். வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தேன்.

"ஓடாதீங்க தாயி," என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "உள்ள ஓடக்கூடாது."

நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு மெதுவாகவும் நான் நடந்ததில்லை.

கலவை அறைகள் ஆலையின் கடைசியில் தனித்தனியாக நின்றன. நான்கு பக்கமும் கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்கு நூறு அடி தள்ளி ஒரு வேப்பமரம். மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பேச்சியம்மாள், இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையில் மணிக்கட்டுவரை சாம்பல் நிறத்தில் மருந்துத் தூள் ஒட்டியிருந்தது. ராமசுப்பு அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க மேடம், பீச்சாங்கையைத் தட்டுக்குள்ள விட்டுட்டா. அதோட வேலையே நின்னுபோச்சு. எல்லாரையும் வேற வெளிய இழுத்துட்டு வந்துட்டா."

"வலது கையெல்லாம் காகிதம் ஒட்டுன பசை ஈரம்," என்றாள் பேச்சியம்மாள், அவரிடம் இல்லை, என்னிடம். "ஈரக்கையை மருந்துல வைக்க முடியுமா? அதான் இதை வச்சேன். கொதிக்குதும்மா. உள்ள கொதிக்குது."

"அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"சில்லுன்னு இருக்கு, தூக்குங்கன்னாக. நேத்து ராத்திரி ஆவி பறக்கச் சோறு போட்டேன். கையை வச்சிட்டு, ஆறிப்போன சோத்தையா போடுறேன்னு ஏசினாக. ஏதோ கோவத்துல பேசுறாகன்னு விட்டுட்டேன். இப்ப அதே மாதிரி இங்கயும் சொல்லவும்தான் நானே கையை விட்டுப் பாத்தேன்."

என்னுடைய கம்ப்யூட்டர் இன்று காலை சொன்னதை ஒரு தட்டுச் சோறு அவளுக்கு நேற்றே சொல்லியிருக்கிறது. இடது கை பட்ட தட்டைத் தொடமாட்டேன் என்று முன்பு அடம்பிடித்தவள், இன்று அதே கையை உள்ளே விட்டு அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பிறகுதான் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை என்பதைக் கவனித்தேன்.

"அண்ணாச்சி எங்க?"

பேச்சியம்மாளின் முகம் கோணியது. "வரமாட்டேனுட்டாக. உன் பீச்சாங்கை சொல்றது நெசமா, என் கை சொல்றது நெசமான்னு பாத்துருவோம்னு அங்கனயே உக்காந்துட்டாக."

மூன்றாவது அறையின் திறந்த கதவு வழியாக அவர் தெரிந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் அகலமான தட்டு. வலது கை அதற்குள் இருந்தது.

ராமசுப்பு என் தோளைப் பிடித்தார். "அந்த மண் சுவருக்கு அங்கிட்டுப் போகாதீங்க மேடம்."

அறைக்கும் மரத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண் சுவர் ஒன்று உண்டு. அதுவரைக்கும் போனேன். அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார். "வாங்க டாக்டரம்மா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நீங்களே சொல்லுங்க இவளுக்கு. என் கை இதுவரைக்கும் ஒரு தடவையாவது தப்புச் சொல்லியிருக்கா?"

"தட்டு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"சில்லுன்னு."

"மாத்தாமச் சொல்லுங்க. கைக்கு எப்படி இருக்கு?"

அவர் சட்டென்று வேப்பமரத்தடியைப் பார்த்தார். ராமசுப்பு காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். சொல்லாதீர்கள் என்று கேட்கிறார். அந்த இடத்தில், அந்த நிலையிலும், எங்கள் இரண்டு பேரின் ரகசியத்தை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

போதும் என்று எனக்கு ஆகிவிட்டது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்.

"நேத்து நீங்க சொன்னது இருபதும் தப்பு அண்ணாச்சி."

"என்னது?"

"இருபதும் தப்பு. உங்களுக்கு ஆறு மாசமா சூடு சில்லாவும், சில்லு சூடாவும் தெரிஞ்சுது. நீங்க மாத்தி மாத்திச் சொன்னீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை நல்லா இருக்குன்னு பொய்க் கையெழுத்துப் போட்டேன். இப்ப ரெண்டாவது ஊசி அதைச் சரியாக்கிருச்சு. உங்க கை குணமாயிருச்சு. இனிமே சுட்டா சூடுதான். மாத்தாதீங்க."

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை.

"குணமாயிருச்சா?" என்றார். "நெசமாவா?"

சிரித்தார். உள்ளே கொதிக்கும் மருந்தில் கையை வைத்துக்கொண்டு, மூன்றரை வருஷம் கழித்துத் தன் கை திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அந்த மனிதர் சிரித்தார்.

"அண்ணாச்சி, இடது கையை வச்சுப் பாருங்க. ஒரே ஒரு தடவை. ரெண்டும் ஒண்ணு போல இருந்தா எந்திரிச்சு வந்துருங்க."

அவர் தயங்கினார். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். ஒரு முறை வைத்ததற்கு வாசல் கூட்டிய அவமானம். மரத்தடியிலிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது.

"வைங்க. நான் வச்சுட்டேன்ல? ஒண்ணும் கெட்டுப்போகாது. வைங்க."

இடது கையை மெல்ல எடுத்து, வலது கைக்குப் பக்கத்தில் விட்டார். இரண்டு கைகளும் ஒரே தட்டுக்குள் இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார், சோதனைக்கு உட்காருவது போலவே. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, மூன்று நொடி இருக்கலாம். கண்ணைத் திறந்தபோது முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

இரண்டு கைகளையும் உரசாமல், உதறாமல், மேலே எடுத்தார். எழுந்தார். தட்டைத் தட்டாமல் ஒதுங்கி, பின்பக்கக் கதவு வழியாக இறங்கினார். அறையை விட்டு இறங்கும்போது ஓடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பத்து அடிவரை நடந்தார். பிறகு ஓடினார். யாரோ என் சட்டையைப் பிடித்து மண் சுவருக்குக் கீழே இழுத்தார்கள்.

சத்தம் முதலில் தரையில்தான் வந்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையைத் தூக்கியபோது மூன்றாவது அறை இருந்த இடத்தில் வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. வேப்பிலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பின்பக்க வேலியோரம் வெயிலுமுத்து குப்புறக் கிடந்தார். பேச்சியம்மாள் அவரை நோக்கி ஓடினாள், யாரும் அவளை ஓடாதே என்று சொல்லவில்லை. முதுகில் உடைந்த ஓட்டுத் துண்டு கிழித்த காயம், அவ்வளவுதான். அவள் அவரைப் புரட்டி உட்காரவைத்து, முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அழுதாள்.

காது மெதுவாகத் திறந்தபோது ராமசுப்பு என் பக்கத்தில் நின்றிருந்தார். தலைமுடி முழுக்கச் சாம்பல். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் குரலில் கோபம் இல்லை, ஏதோ விளங்காததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"போன்ல கையெழுத்துன்னுதானே சொன்னீங்க மேடம்?"

"ஆமாம்," என்றேன்.

"அப்பவே இதைச் சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல எல்லாரையும் வெளிய எடுத்திருப்பேனே. இருபத்தஞ்சு நிமிஷம் மேடம். அந்த ரூமுக்குள்ள மட்டும் நாலு பேரு இருந்தாங்க."

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி எனக்கு வேறு எவரும் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் பேச்சியம்மாள் நேற்றைய சோற்றை மறந்திருந்தால், அது வெறும் கோபப் பேச்சு என்றே இருந்திருந்தால், கையில் பசை இருக்கிறதே என்று பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன்.

நடந்ததை எல்லாம் டாக்டர் சுகந்தனிடம் சொன்னேன். முதல் பொய்யிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "இருபதும் தலைகீழாவா வந்துது? ஒண்ணுகூட விலகலையா?" என்றுதான். மாறிப்போன நரம்பு முழுதாகத் திரும்பியதற்கு உலகத்தில் அதுவரை கிடைத்த முதல் அத்தாட்சி அது. அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை, பாவம். அதன்பிறகு என்னை வேலையிலிருந்து நீக்கினார். இரண்டிலும் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆலையைப் பூட்டி சீல் வைத்தார்கள். மிச்சக் கலவையை வைக்கச் சொன்னது யார் என்று விசாரணை நடக்கிறது. சாட்சி சொல்ல என்னையும் இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச்சியம்மாள், "சாப்பிட்டுப் பேசலாம், உக்காரும்மா," என்று இலையைப் போட்டுவிட்டாள். வெயிலுமுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கை எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"மதுரையில பத்து தடவை சோதிச்சாக டாக்டரம்மா. எல்லாம் சரியாம். புதுசா பொறந்த கை மாதிரின்னாரு பெரிய டாக்டரு." வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் அழகாக மடங்கின, விரிந்தன. நாங்கள் செய்த வேலையில் அதைவிட நல்ல வேலை இல்லை.

பேச்சியம்மாள் அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். ஆவி பறந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த ஆவி.

அவர் வலது கையைச் சோற்றுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். அப்படியே பிடித்திருந்தார். பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் இருப்பதை மறந்துவிட்டவர் போல, பீச்சாங்கையை மருந்தில் வைக்கமாட்டேன் என்று ஒரு காலத்தில் என்னிடம் சொன்ன மனிதர், இடது கை விரல்களை மெல்ல நீட்டிச் சோற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடுதான்," என்றார், தனக்குத் தானே.

பேச்சியம்மாள் குழம்புக் கரண்டியை எடுத்து அவருக்கு ஊற்றினாள். அவர் வலது கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.